மூன்றும் நாலரையும்

நாலரை.

மறுபடியும் நாலரைதான்.

அவன் அம்பாசிடருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். நான்கு சக்கரமும் தடித்த பலகைகள் மேல் நின்றன. கையில் மகனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த கோணமானி. அதன் நடுத்துளையில் ஒரு தையல் நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. நூல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் சாய்வு. இதில் ஏமாறுவதற்கு என்ன இருக்கிறது?

முன்னால் கியர்பாக்ஸில் மூன்று. பின்னால் அச்சின் நடுவிலிருக்கும் கிரவுனில் நாலரை. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நடுவில் சுழலும் ஷாஃப்ட் உதறும். அது உதறினால் வண்டியே உதறும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் இரண்டையும் மூன்றில் நிறுத்தியவன் அவன்தான். "ஏஞ்சாமி, வண்டி இப்படி உதறுது?" என்று அம்மா கேட்டதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே போர்டிகோவில் கிடந்து, பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்தான். அம்மாவுக்கு முட்டிவலி. ஏறிவிட்டால் லேசில் இறங்கமாட்டாள். பின் சீட்டில் இடது ஓரமாக உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஆச்சா சாமி, ஆச்சா சாமி" என்று அவன் உயிரை வாங்கினாள்.

நோட்டில் பென்சிலால் எழுதியது இன்னும் இருக்கிறது. முன் 3. பின் 3.

அதன்பிறகு கார் அம்மாவுக்கு மட்டும்தான். வாரம் இரண்டு முறை கோவைக்கு, டயாலிசிஸுக்கு. வேலைக்குப் போக அவனுக்கு பைக் இருக்கிறது. அந்த ஆப்பை யாரும் தொடவில்லை.

பிறகு எந்தப் பேய் வந்து திருகியது?

இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். "எல்லாம் சுத்தமா இருக்குதுங்க. உங்களுக்குத்தான் அப்படித் தோணுதாட்ட இருக்குது" என்றான் ஒருவன்.

தோன்றுகிறதாம்.

இருபத்திரண்டு நாளாக உதறுகிறது. கோவையிலிருந்து அம்மாவின் உடலை ஏற்றிய ஆம்புலன்ஸ் முன்னால் போக, காலிக் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தானே, அன்றிலிருந்து. கைதான் நடுங்குகிறது என்று அன்று நினைத்தான்.

அவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

அன்று அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போதும் உதறியதா?

அன்னூர் தாண்டியதும் அம்மா சொன்னாள். "மெல்லப் போ சாமி."

அவன் மெல்லப் போகவில்லை. எண்பதில் போனான்.

ஸ்டியரிங் உதறியதாக ஞாபகம் இல்லை. ஆனால் அன்றைக்கு இருந்த இருப்பில் எது உறைத்தது? அந்த ஞாபகத்தை எப்படி நம்புவது?

நூலை நம்பலாம். நூல் நாலரை என்கிறது.

அப்படியென்றால் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அந்த உடம்பை அவன்தான் உலுக்கி உலுக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். கோணமானியை மறுபடி எடுத்து வைத்தான். கிறுக்குப் பிடித்தவன் செய்கிற வேலைதான்.

வெளியே அவன் மனைவி ஜெகதாவின் கால்கள் தெரிந்தன. அம்மாவின் தலையணையும் துண்டும் இன்னும் காரிலேயே கிடந்தன. எடுத்துத் துவைக்கவேண்டும் என்று காலையிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. இடது ஓரமாக ஏறி உட்கார்ந்தாள். ஸ்பிரிங் முனகியது.

நட்டு ஆடியது. நூல் நகர்ந்தது. நின்றது.

மூன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். மூன்றேதான். முன்பக்கம் ஊர்ந்து போய் வைத்துப் பார்த்தான். அங்கும் மூன்று. திரும்பவும் பின்னால் வந்தான்.

ஒரு மண்ணும் புரியவில்லை.

பிறகு அந்த முறுக்குச் சத்தம் ஞாபகம் வந்தது.

ஆப்பு வைத்த அன்று அம்மாவை மேலே வைத்துக்கொண்டே அளந்திருக்கிறான். அவள் எடைக்கு வைத்த ஆப்பு இது. அவள் உட்கார்ந்திருந்த வரைக்கும் வண்டி சரியாகத்தான் போயிருக்கிறது.

போகும்போது உதறவில்லை.

அப்பாடா என்று மூச்சு வந்தது. பாதியில் நின்றது.

அப்படியானால், மெல்லப் போ என்று எதற்குச் சொன்னாள்?

மேலே ஜெகதா துண்டை மடித்து முடித்திருக்கவேண்டும். சீட்டில் நகர்ந்தாள். கதவுப் பிடி கிளிக்கென்றது. நட்டு மெல்ல ஆடத் தொடங்கியது.

"எறங்காத" என்றான் அவன். "கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திரு."