தெருநாயின் கால்

வடக்கே லோடு இறக்கிவிட்டு இன்றுதான் வீடு திரும்பிய தனபால் வாசலிலேயே நின்றுவிட்டான். நாயைக் கண்டாலே கல்லைத் தேடும் அவன் மனைவி மதுமதி, ஒரு தெருநாயின் சீழ் பிடித்த காலை மடியில் வைத்து உப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம் புள்ள, இது நீதானா?"

"பேச்சுக் குடுக்காதீங்க. மருந்து கட்டோணும்."

"எப்ப இருந்து நாய் மேல இத்தனை பாசம்?"

"பாசமுமில்ல, ஒண்ணுமில்ல. இது செத்துறக் கூடாதுன்னு மாரியாத்தாளை வேண்டிக்கிட்டுக் கெடந்தேனுங்க."

"தெருநாய்க்கு வேண்டுதலா?" தனபால் சிரித்தான்.

அவள் நிமிர்ந்தாள். "நம்ம பாப்பா தெரியாம இந்தப் புண்ணு மேல மிதிச்சுட்டா. கடிச்சிருச்சுங்க. ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருக்கறோம். கடிச்ச நாய் பத்து நாள் நல்லா இருந்தா பயமில்லைன்னாரு டாக்டரு. வண்டி ஓட்டற உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவன் சிரிப்பு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தான். பாப்பா இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

"பத்து நாள் எப்ப முடியுது?"

"நேத்தே முடிஞ்சுதுங்க."

"அப்புறம் இன்னிக்கு எதுக்குக் கழுவற?"

"இன்னிக்குக் கதவைத் தொறந்தா, கூப்பிடாமயே வந்து காலை நீட்டிக்கிட்டு நிக்குதுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

தனபால் குனிந்து, பஞ்சை எடுத்து அவளிடம் நீட்டினான்.