நாலாவது ஷோரூம்

ஒரு கார் ஷோரூமில் சிவப்புக் கார் ஒன்று ஆறு மாதமாக விற்காமல் நின்றது. ஒரு தடவையாவது ரோட்டில் ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை.

ஒருநாள் அதை லாரியில் ஏற்றினார்கள். லாரியில் ‘எங்கள் வளர்ச்சிக்குக் காரணம் வாடிக்கையாளர்களே’ என்று பேனர் கட்டியிருந்தது.

“அண்ணே, என்னை யாரோ வாங்கிட்டாங்களா?” என்று ஷோரூம் வாசலில் நின்ற டெஸ்ட் டிரைவ் காரிடம் சிவப்புக் கார் கேட்டது.

“வாங்கிக் கிழிச்சாங்க. முதலாளி நாலாவது ஷோரூம் திறக்கிறார். நீ அங்க போய் நிக்கணும்.”

“இங்கயே ஈ ஓட்டுறோம். இன்னொண்ணு எதுக்கு?”

“மூத்தவங்க மூணு பேருக்கும் ஆளுக்கொண்ணு கொடுத்தாச்சு. நாலாவது பையன் இப்பதான் படிப்பை முடிச்சிருக்கான்.”

“அங்கயாவது என்னை வாங்குவாங்களா?”

“சீக்கிரமா வித்துப் போயிடு தம்பி. அஞ்சாவது பையன் கடைசி வருஷம் படிக்கிறான்.”