ஆற்றுக்கு வேலி

"ஆத்துக்கு வேலி போடுறீங்க. நாளைக்கு இடி விழுந்தா வானத்துக்கும் போடுவீங்களா?"

டிரைவிங் ஸ்கூல்காரர் மைக்கின் முன் நின்று இப்படிக் கேட்டபோது, பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததும் அதுவும் அடங்கிப்போனது. சிரிக்கிற கூட்டமில்லை அது. முதல் வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

சென்ற மழைக்காலத்தில் ஆற்றோடு போன பதினொரு வயதுச் சிறுமியின் தாய். அவரைத் தெரியாதவர்கள் அந்த மண்டபத்தில் யாருமில்லை. ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டியவர். டி.வி.யில் அழாமல் பேசி, பார்த்தவர்களையெல்லாம் அழவைத்தவர். அவர் கேட்டது ஆபத்தான திருப்பத்துக்கு மட்டும் ஒரு வேலி. அரசாங்கமோ அள்ளிக் கொடுக்க முன்வந்திருந்தது. கரை நெடுகக் கம்பிவேலி. பதினெட்டு வயது ஆகாதவர்கள் ஆற்றில் கால் நனைக்கக் கூடாது. பெரியவர்கள் இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும். மீறினால், பெற்றவர்கள் மேல் வழக்கு.

மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் என்று பெயர். வந்தவர்களெல்லாம் கைதட்டத்தான் வந்திருந்தார்கள். எதிர்த்துப் பேச வந்தவர் இவர் ஒருவர்தான். எந்த ஊர்க்காரர் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. பெயரைக் கேட்டதற்கு, டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன், அது போதும் என்று சொல்லிவிட்டார்.

பூங்காவில் பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று ஊஞ்சலைக் கழற்றினீர்கள், பேசாமல் இருந்தோம். மரத்தில் ஏறினால் அபராதம் என்றீர்கள், அதற்கும் தலையாட்டினோம். இப்போது ஆறு. இப்படியே போனால் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டிவைக்கவும் ஒரு சட்டம் வரும் என்றார். கூட்டம் முணுமுணுத்தது.

"பிள்ளைக்காகப் பயப்படுறது பெத்தவங்க வேலைங்க. அந்தப் பயத்தையும் அரசாங்கமே வாங்கி வெச்சுக்கிட்டா, அப்புறம் பெத்தவன்னு ஒருத்தன் எதுக்கு? என் கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. அதை மிதிச்சுக்கிட்டே இருந்தேன்னா எவனும் வண்டி ஓட்டக் கத்துக்க மாட்டான்."

கருத்துக் கேட்க அரசாங்கம் அமைத்திருந்த குழுவின் தலைவி ஒரு டாக்டர். கோபப்படாமல்தான் கேட்டார்.

"சரி. மிதிக்க வேண்டிய நேரத்துல மிதிக்காம விட்டுட்டீங்கன்னா?"

டிரைவிங் ஸ்கூல்காரர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

நடுவரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும், பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னாலேயே இப்படிப் பேச இவருக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டார். மண்டபமே அந்தக் கேள்விக்குக் கைதட்டியது. டிரைவிங் ஸ்கூல்காரர் முதல் வரிசையைப் பார்த்தார். அந்த அம்மா குனிந்து, மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு இறங்கிடுறேன்" என்றார் அவர். "முதல் தடவையா தானே நீந்திக் கரைக்கு வர்ற குழந்தையோட முகத்தைப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். அந்த முகத்தை இனிமே இந்த ஆத்துல யாரும் பார்க்கப் போறதில்ல. அதான் வந்தேன்."

அடுத்து அந்த அம்மாவை அழைத்தார்கள்.

அவர் நிறையப் பேசவில்லை. "எம் பொண்ணுக்கு நல்லா நீச்சல் தெரியும். தெரிஞ்சதாலதான் வெள்ளத்துலயும் தைரியமா இறங்கிட்டா. அங்க ஒரு வேலி இருந்திருந்தா நின்னிருப்பா."

ஆற்றில் நீந்த அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது, பயிற்சி பெற்றவரா என்று தலைவி கேட்டார்.

"அவளுக்கு ரொம்பப் பிடிச்சவங்க சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்கம்மா."

தலைவி வாக்கெடுப்புக்கு அழைத்தார். குழுவினர் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. யாருக்காகத் தட்டினார்களோ அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

வெளியே, கூரைமேல் பயிற்சிப் பலகை வைத்த காரின் அருகில் டிரைவிங் ஸ்கூல்காரர் தனியாக நின்றிருந்தார். கடந்து போனவர்கள் அவர் காதில் விழும்படியே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் கிளம்பவில்லை.

அந்த அம்மா படியிறங்கி வந்தார். தன் வண்டியில் கொண்டுவிடுவதாகத் தலைவி சொன்னார். வேண்டாம் என்று கைகூப்பிவிட்டு, நேராக அந்தக் காரை நோக்கி நடந்தார். கூட்டம் வழிவிட்டது. கன்னத்தில் அறையப் போகிறார் என்று நினைத்து ஒரு நிருபர் கேமராவைத் தூக்கினார். அறைந்தால் வாங்கிக்கொள்ளத் தயாரானவர் போல டிரைவிங் ஸ்கூல்காரரும் தலைகுனிந்தார்.

அந்த அம்மா கையை நீட்டி, அவர் சட்டைக் காலரின் மடங்கிய பக்கத்தைச் சரிசெய்தார்.

"நம்ம பொண்ணுக்காக நானும் பேசிட்டேன், நீங்களும் பேசிட்டீங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."