பிளிமத்துக்கு ஒரு டாட்ஜ் கதவு

கொடைக்கானல் ஏரிச் சாலையில் எடுத்த அந்தப் பழைய படம் மெய்தானா என்று வீட்டுக் கருவி சோதித்தது. செவ்ரலே, பியூக், ஸ்டூடிபேக்கர் என்று நின்றிருந்த கார்களைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டது. நளாயினியின் அம்மா ஒட்டி நின்ற காரில்தான் தயங்கியது.

“முகப்பு பிளிமத், பின்கதவு டாட்ஜ். எந்தத் தொழிற்சாலையும் இப்படியொரு கார் செய்ததில்லை. படம் போலி. மாலைக்குள் அழிக்கப்படும்.”

போலிப் படங்களை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். அவளுடைய இரண்டு வயதில் இறந்துபோன அம்மாவுக்கு இருப்பதோ இந்த ஒரு படம்தான். பதறிப்போய் மதுரையிலிருந்த அண்ணனை அழைத்தாள்.

அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தார். “அடியே, அது அப்பாவோட கஞ்சத்தனம்டி! லாரிக்காரன் இடிச்சதும் காயலான் கடைக் கதவை வாங்கி மாட்டிட்டாரு. அது மூடவே மூடாது. கயிறு கட்டி முன் ஜன்னல் வழியா யாராவது இழுத்துப் பிடிக்கணும். அம்மா கையைப் பாக்கச் சொல்லு உன் மிஷினை.”

கருவி கையைப் பெரிதாக்கியது. அம்மா ஒயிலாக ஜன்னலில் வைத்திருப்பதாக அவள் இத்தனை வருடம் நினைத்திருந்த அந்தக் கைக்குள் ஒரு கயிற்று முனை இருந்தது.

“பொய்ப் படம் செய்பவருக்கு இந்தக் கயிறு தோன்றாது,” என்றது கருவி. “படம் மெய்.”

கஞ்சத்தனத்துக்காக அப்பாவோடு கடைசிவரை சண்டை போட்ட நளாயினி, அந்தக் கதவுக்காக இப்போது அவரை மனதாரக் கும்பிட்டாள்.

“என்னடி, கயிறு தெரியுதா?” என்றார் அண்ணன்.

“அம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கிறாங்கண்ணா. இன்னைக்குத்தான் பாக்குறேன்.”