தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

"பாய், மரியாதையா அந்தப் புள்ளையக் குடுத்துடச் சொல்லு உன் பொஞ்சாதிய!"

கவுஸ் பாஷாவின் கறிக்கடை முன்னால் பாதி ஊர் திரண்டு நின்றது. பென்னாகரம் பக்கம் மழை முகமே பார்க்காத பஞ்ச காலம் அது. ஏரித் தவளையெல்லாம் நீச்சல் மறந்துபோய் நடை பழகிக்கொண்டிருந்த சமயம். வேலை வெட்டி இல்லாத ஊருக்கு ஒரு பஞ்சாயத்து கிடைத்தால் விடுமா?

சத்தம் போட்டவர் குப்புராஜ், ஊர்ப் பெரியதனம். அவர் பக்கத்தில் மாதையன், கையில் ஒரு படித் தவிட்டோடு தலைகுனிந்து நின்றான். அவன் மனைவி காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

சங்கதி இதுதான். மாதையனுக்கு முதலில் பிறந்த இரண்டும் பால்குடி மறந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்றாவது மாது. அவனும் குச்சிக் கையும் குடவயிறுமாக ஆனபோது, "தவிட்டுக்கு வித்துடு, தங்கும்" என்றது ஊர்.

ஒரு படித் தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையை அடுத்த வீட்டுக்கு விற்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். எமன் வந்து பார்த்து, 'அட, இது வேற வூட்டுப் புள்ள' என்று எருமையைத் திருப்பிக்கொள்வானாம். எமனுக்கு அவ்வளவுதான் புத்தி.

வாங்கியவள் கவுஸ் பாஷாவின் மனைவி ரஹமத் பீவி. வாங்கினாள், சரி. திருப்பித் தர வேண்டாமா?

"காய்ச்சல் வுடட்டும்" என்றாள். விட்டது. "ரம்ஜான் போகட்டும்" என்றாள். அதுவும் போனது. பிடுங்கிக்கொண்டு போகவும் வழியில்லை. வாங்கினவள் மனசாரக் கொடுக்காமல் தூக்கினால் பிள்ளை தங்காது என்பதும் அதே சாஸ்திரம்தான்.

"எங்களுது சாமிக்கு நேர்ந்த வூடு பாய். அப்பன் காலத்துலேருந்து கவுச்சி படாத வூடு." மாதையன் தவிட்டுப் படியை நீட்டினான். "அந்தப் புள்ளைக்கு உங்க வூட்ல முட்டையும் ஈரலும் ஊட்டறாங்க. போவுது, தீர்த்தம் தெளிச்சி எடுத்துக்கறேன். கூழோ தண்ணியோ, எங்களோட இருக்கட்டும்."

"மாட்டையும் வித்துட்டான். வெதச்ச மல்லாக்கொட்டையும் காஞ்சிபோச்சி. அவனுக்குன்னு மிச்சம் அது ஒண்ணுதானய்யா!" என்றார் குப்புராஜ்.

ரஹமத் பீவி கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "இப்பக் குடுக்க முடியாதுங்க. தீபாவளி போகட்டும்."

அந்த நேரம் பார்த்து மாது தத்தித் தத்தி வெளியே வந்தான். கன்னம் இரண்டும் உப்பி, உதட்டோரம் முட்டை மஞ்சள் கரு.

காசியம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். "வாடா சாமி..."

பிள்ளை அவளை ஒரு பார்வை பார்த்தான். திரும்பி ஓடி, வாசற்படிக்கு வந்துவிட்ட ரஹமத் பீவியின் காலைக் கட்டிக்கொண்டு, "ம்மா" என்றான்.



காசியம்மாள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வீசினாள். "அடி மலடி! உன் வயித்துல ஒண்ணு தங்கலைன்னு என் வயித்துல அடிக்கறியே, நீ உருப்படுவியா!"

மண் ரஹமத் பீவியின் முகத்தில் விழுந்தது. துடைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் கவுஸ் பாஷா உள்ளே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து தொட்டில் கட்டாத வீடு. அவருக்கு மட்டும் தெரியாதா அவள் ஏக்கம்?

"ஆசை இருக்க வேண்டியதுதான் ரஹமத்து. அதுக்காகப் பெத்தவகிட்டேருந்து புடுங்கலாமா? தலை நிமிந்து ரோட்ல நடக்க முடியல."

சோற்றில் ஈரலையும் முருங்கைக் கீரையையும் போட்டு மைய மசித்துக்கொண்டிருந்தாள்.

"விடிஞ்சதும் நானே தூக்கிட்டுப் போய்க் குடுத்துடறேன். இதான் முடிவு."

"பொழுது சாயட்டுங்க. அப்புறம் சொல்லுங்க" என்றாள்.

இருட்டும் நேரத்தில் புழக்கடை முள்வேலி சலசலத்தது. பிள்ளையைத் தூக்க ஆள் வந்துவிட்டது என்று கவுஸ் பாஷா தடியை எடுத்துக்கொண்டு, கதவோரம் பதுங்கினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் காசியம்மாள். இந்தப் பக்கம் இடுப்பில் பிள்ளையோடு ரஹமத் பீவி.

"கண்ணுல மண்ணு வுழுந்துட்டுதாக்கா?"

"கொஞ்சந்தான்."

"அப்புடி எறியலைன்னா எங்க வூட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துரும். ஆனா வாயில வந்துச்சே அந்த வார்த்த..."

"வுடு. ஈரல் சோறு, கூடக் கீரை. தட்டை நக்கிட்டான் உன் புள்ள."

காசியம்மாள் முள்ளின் இடைவெளி வழியே அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூத்தது ரெண்டும் கூழக் கண்டாலே மூஞ்சத் திருப்பிக்கும். நான்தான்க்கா அடிச்சி அடிச்சி ஊத்துனேன். வேற என்ன இருந்துச்சு வூட்ல?"

"இந்தா, வேலியோரமா நீட்டறேன். தொட்டுப் பாரு."

"வேணாம். தொட்டா தூக்கிடுவேன்."

கவுஸ் பாஷாவின் கையிலிருந்து தடி நழுவியது.

காசியம்மாள் இரண்டு எட்டு நடந்தாள். நின்றாள். திரும்பாமலே சொன்னாள்:

"அக்கா, இன்னிக்கி நடிச்சேன். ஒரு நாளு மனசு கேக்காம நெசமாவே வந்து உங்க கால்ல வுழுந்து கேப்பேன். அன்னிக்கும் குடுத்துடாதீங்க."