சகலையின் மேசைக்கடியில்

மேனேஜர் பதவி அவருக்கு மாமனார் கொடுத்தது. மிடுக்கு மட்டும் சொந்தச் சம்பாத்தியம்.

இப்போது இரண்டுக்கும் ஆபத்து. கம்பெனி போட்ட டெண்டர் விலை இரண்டு முறை போட்டிக் கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிந்துபோயிருந்தது. "இந்தத் தடவையும் கசிஞ்சா, நாற்காலி சின்ன மாப்பிள்ளைக்கு" என்று மாமனார் சொல்லிவிட்டார். சின்ன மாப்பிள்ளை, அதாவது சகலை, அதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். அது ஒன்றே போதாதா? திருடன் யார் என்பதில் மேனேஜருக்குச் சந்தேகமே இல்லை. ஆதாரம்தான் இல்லை.

அதற்காகத்தான் நெட்வொர்க் இஞ்சினியருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வரவேற்பறை வாசலில் நின்று, கூரை அதிரக் கேட்டார். "நெட்வொர்க் பார்க்க வந்தது யாருப்பா?"

"நான்தான் சார்!" கண்ணாடி போட்ட ஒருவர் பையோடு துள்ளி எழுந்தார். பக்கத்து சோபாவில் இருந்த பெண்ணும் ஏதோ சொல்லியபடி எழுந்தாள். தன்னைப் பார்த்தால் எழுந்து வணக்கம் சொல்வது மனித இயல்பு என்பது மேனேஜரின் நம்பிக்கை. "உட்காரும்மா, உட்காரு. மரியாதை மனசுல இருந்தா போதும்" என்று பெருந்தன்மையாகக் கையமர்த்திவிட்டு, கண்ணாடிக்காரரோடு உள்ளே நடந்தார்.

கண்ணாடிக்காரர் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், சகலையின் மேசைக்கடியில் பையோடு நுழைந்தார். வெளியே வந்தபோது கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வால் மாதிரி ஒயர். பச்சை விளக்கு வேறு கண்ணடித்தது.

மேனேஜருக்குப் பிறந்த பயன் கிடைத்துவிட்டது. "என்ன சகலை, மேசைக்கடியில என்ன குட்டி போட்டு வெச்சிருக்கீங்க?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? அங்க நான் விடறது செருப்பு மட்டும்தான்."

"செருப்புல பச்சை லைட்டா எரியும்?"

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், கம்ப்யூட்டரை ஆன் பண்ணினதும் அதுக்குத் தன் அட்ரஸே தெரியாது. 'எனக்கு அட்ரஸ் தர்றது யாரு?'ன்னு நெட்வொர்க் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். டிஎச்சிபின்னு பேரு. சர்வர்தான் பதில் சொல்லணும். இந்தப் பெட்டி முந்திக்கிட்டு 'நான்தான்'னு சொல்லிடுது. அப்புறம் எல்லாம் இது வழியாத்தான் போகும்."

"நீ யாரு, எவருன்னு ஒரு வார்த்தை விசாரிக்காதா?"

"விசாரிக்காது சார். முதல்ல பதில் சொன்னவனை நம்பிடும். பின்னாலயே உண்மையான சர்வர் பேசினாலும் காதுல வாங்காது."

மேனேஜர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "இவ்வளவு மக்கா அது! எங்க சகலையே தேவலாம் போலிருக்கே."

"இன்னொரு கூத்தும் இருக்கு. நீங்க ஃபைல் அனுப்பறது பழைய எஃப்டிபி முறை. ஒட்டாத கவர் மாதிரி. வழியில நிக்கிறவன் படிச்சுட்டு அனுப்பலாம். உங்களுக்கு ஆதாரம்தானே வேணும்? பெட்டியை இருந்த இடத்துலயே திரும்ப வெச்சுடறேன். கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. புது டெண்டர் ஃபைலை ஒரு தடவை சர்வருக்கு அனுப்புங்க. பெட்டி பிடிக்குதான்னு பார்த்துடுவோம்."

"அண்ணே, எதுக்கும் மாமாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார் சகலை.

"ஏன், உதறுதா?"

மொத்த அலுவலகமும் பார்க்க, மேனேஜர் ஃபைலை அனுப்பினார். பச்சை விளக்கு படபடவென்று துடித்தது.

"கையும் களவுமா பிடிச்சாச்சு சார்! லேபுல கொடுத்து ரிப்போர்ட்டோட வர்றேன்." பெட்டி பைக்குள் போனது. மேனேஜர் லிஃப்ட் வரை கூடவே போய், பொத்தானைக்கூடத் தானே அமுக்கி வழியனுப்பினார்.

அடுத்து மாமனாருக்குப் போன். "மாமா, திருடன் மாட்டிக்கிட்டான். மனசைத் திடப்படுத்திக்கங்க, வெளியாள் இல்லை. உங்க மாப்பிள்ளைதான்!"

பேசிக்கொண்டே வரவேற்பறைக்கு வந்தவர், அந்தப் பெண் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "இன்டர்வியூ இன்னைக்கு இல்லம்மா" என்றார்.

"நான் இன்டர்வியூவுக்கு வரலை சார். நெட்வொர்க் பார்க்க வரச் சொன்னீங்களே, அதுக்குத்தான் வந்தேன். நீங்க சத்தம் போட்டுக் கேட்டப்பவே நானும் 'நான்தான்'னு சொன்னேன். அந்த சார் முந்திக்கிட்டார்."