நீட்டிய கை

அக்கா தங்கைகள் வந்து கையில் கயிறு கட்டும் ராக்கி நாள். டெல்லி ஆஸ்பத்திரி வார்டில் கூலரின் இரைச்சலையும் மீறி எல்லாக் கட்டிலிலிருந்தும் "சிஸ்டர், சிஸ்டர்" என்ற குரல் வருகிறது. நர்ஸ் ஜோஸ்லினுக்குச் சொந்த ஊரான பாளையங்கோட்டையில் சிஸ்டர் என்றால் மடத்துக் கன்னியர். ஒரு காலத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தாம் என்பதால் அந்தப் பெயர் நர்ஸுகளுக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கே அது தீர்ந்துபோன குளுக்கோஸ், நனைந்த விரிப்பு, ஊசி. காலையிலிருந்து வாசலையே பார்த்துக் கிடந்த பால்காரர் ரண்பீர், பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்ததும் வலது கையை நீட்டுகிறார். "சிஸ்டர்." ஜோஸ்லின் பழக்கத்தில் மணிக்கட்டில் விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். பக்கத்தில் மாத்திரை பிரிக்கும் ஊர்க்கார நர்ஸ் உஷாராணி சிரிக்கிறாள். "பல்ஸ் இல்லட்டி. அவரு தங்கச்சி வரலல்லா, உன்னயக் கட்டச் சொல்லுதாரு." தலையணைக்கடியிலிருந்து கசங்கிய ஜரிகைப் பூவோடு சிவப்புக் கயிறு வருகிறது. காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல், இறுகாமலும் அவிழாமலும் ஜோஸ்லின் முடிச்சிடுகிறாள். "ஜீத்தீ ரஹோ", நீடூழி வாழ்க என்று அவர் வாழ்த்துகிறார். அடுத்த கட்டில் கிழவரும் கையை நீட்டுகிறார். "சிஸ்டர்." அவருக்கு நாடிதான் பார்க்க வேண்டுமோ என்னவோ, ஜோஸ்லின் டிராலியிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்து நீளமாக ஒரு கீற்றுக் கிழிக்கிறாள்.